புதன்கிழமைகளில் உடுப்புத் தோய்த்தவர்

கொரோனாக் கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்துவிட்ட பிறகு வந்த முதல் குளிர்காலம். சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் நாங்கள் இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் இது நடந்தது.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லா வீட்டுக்கும் பொது. நிலத்தடியில் இருக்கிறது. யாருக்கு எந்த நாள் என்று சுவரில் அட்டவணை தொங்கும். அடுத்தவர் நாளில் கை வைத்தால் போச்சு, ஊர் இரண்டுபட்டுவிடும். எனக்கு வியாழன். புதன், மேல் வீட்டு சுவிஸ்காரருக்கு. தனி ஆள், இராணுவத்தில் சம்பளத்துக்கு இருந்தவர். வாசலில் என் அரிசி மூட்டையைக் கண்டால், கேட்காமலே தூக்கிவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவார்.

அந்த வருடம் இலை உதிரும் காலத்தில் அவருடைய தபால் பெட்டியில் பெயர் இல்லாமல் போனது. கட்டடப் பராமரிப்பாளர்தான் என் கணவருக்குக் கதை சொன்னார். வெளிநாடு போகும் அமைதிப்படைப் பிரிவுக்குத் தடுப்பூசி கட்டாயமாம். இவர் மாட்டேன் என்றதால் முந்திய வருடமே வேலை போய்விட்டதாம். சொந்தப் பிழையால் போன வேலை என்று, வேலையில்லாதவர்களுக்குத் தரும் பணமும் பல வாரம் நின்றதாம். வாடகைப் பாக்கி ஏறி வீடும் போய், கடன் கட்டாதவர்களின் பதிவேட்டில் பெயர் விழுந்துவிட்டது. அதில் பெயர் விழுந்தவருக்கு இங்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு.

எனக்கு இரக்கம் வரவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள் நான். அந்தக் கொள்ளைநோயில் ஒரே மாதத்தில் எத்தனை சாப்பாட்டுத் தட்டுகளைக் குறைத்தோம் என்று எனக்குத் தெரியும். ஓர் ஊசிக்கு இவ்வளவு வீம்பா என்றுதான் நினைத்தேன்.

என் உடுப்புக் கூடையைப் புதன் மாலையே கீழே கொண்டுபோய் வைப்பது வழக்கம். ஒரு நாள் அப்படிப் போனபோது இயந்திரத்தின் உள்பக்கம் சூடாக இருந்தது. புதன்கிழமைக்குத்தான் ஆளே இல்லையே. அடுத்த புதனும் அதே சூடு. பஞ்சு வடிகட்டி மட்டும் பளிச்சென்று துடைத்திருந்தது. பேய் என்றாலும் சுவிஸ் பேய் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, கழுத்து மயிர் நட்டுக்கொண்டது.

"பேய்க்கு என்னத்துக்கு உடுப்புத் தோய்க்கிறது? உமக்கு வேலை கூடிப்போச்சு," என்றார் கணவர்.

திருநீற்றைப் பூசிக்கொண்டு கீழே போய், இருபது வருடத்தில் இந்த நாட்டில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே வேலையைச் செய்தேன். ஜெர்மனில் ஒரு காகிதத் துண்டு எழுதி இயந்திரத்தில் ஒட்டினேன். புதன்கிழமையில் இதைப் பாவிப்பவர் யார்? மறுபடி நடந்தால் நிர்வாகத்துக்கு அறிவிப்பேன்.

அடுத்த புதன் அதன் கீழே நேரான எழுத்தில் பதில் இருந்தது. மன்னிக்கவும், இனி நடக்காது. கையெழுத்து இல்லை. அதற்குப் பிறகு இயந்திரம் குளிர்ந்தே கிடந்தது. எனக்கு நல்ல திருப்தி.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் மத்தியானம் பொங்கல் பானை எடுக்கப் போனேன். அது, போர் வந்தால் ஒதுங்க என்று இங்கே கட்டடங்களுக்கு அடியில் கட்டி, இப்போது சாமான் போடும் நிலத்தடிப் பங்கரில், மரச்சட்டம் அடித்துப் பிரித்த எங்கள் பகுதிக்குள் இருந்தது. ஊரில் போர்க்காலத்தில் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் ஒடுங்கி வளர்ந்தவள் நான். வருடத்துக்கு ஒரு தடவைதான் அந்தக் கொங்கிறீற்றுக் கதவைத் தள்ளுவேன். உள்ளே சொட்டு... சொட்டு... என்று தண்ணீர் விழும் சத்தம். பானையைத் தூக்கியதும் லைட் தானாக அணைந்தது. ஐந்து நிமிடத்தில் அணையும் லைட் அது, தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இருட்டில் அந்தச் சொட்டுச் சத்தம் கிட்ட வந்ததுபோல் இருந்தது. சுவரைத் தடவி லைட் ஆளியை அழுத்தினேன்.

கடைசிச் சட்டத்துக்குப் பின்னால் ஓர் ஆள் தொங்கினார். தலை இல்லை. கீழே சப்பாத்து இரண்டும் ஒழுங்காக நின்றன.

பிறகுதான் அது வெறும் இராணுவச் சீருடை என்று கண்ணுக்குப் பிடிபட்டது. பக்கத்தில் சுருக்கமே இல்லாமல் விரித்த படுக்கை. கொடியில் ஈரச் சட்டைகள், கீழே வாளி.

"பயப்படாதீர்கள், நான்தான்," என்று எனக்குப் பின்னால் குரல் கேட்டது. மேல் வீட்டுக்காரர். பாதியாக மெலிந்திருந்தார். கைகள் இரண்டும் குளிர்ந்த தண்ணீரில் வெடித்து, சிவந்து கிடந்தன. நான் சோதனை போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இயந்திரத்தைத் தொடவே இல்லை. வாளியில்தான் தோய்க்கிறேன்," என்றார்.

தபால் பொதிகளைப் பிரித்து அடுக்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறதாம். முதல் சம்பளம் வரும்வரை யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன்.

மேலே வந்து கணவருக்குச் சொன்னேன். "நாங்களும் பங்கருக்குள்ள இருந்த ஆக்கள்தானே," என்றார், அவ்வளவுதான். மறுநாள் பொங்கலை ஒரு டப்பாவில் போட்டு அந்தச் சட்டத்தடியில் வைத்தேன். இயந்திரத்தில் இருந்த பழைய துண்டைக் கிழித்துவிட்டு இப்படி வேறொன்று எழுதி ஒட்டினேன்: வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு எனக்கு இயந்திரம் தேவையில்லை.

மார்ச்சில் ஒரு வியாழன் கீழே போனபோது டப்பா கழுவித் துடைத்து இயந்திரத்தின் மேல் இருந்தது. பங்கர் கூட்டிச் சுத்தமாகக் கிடந்தது. எங்கே போனாரோ தெரியாது.

ஊசி விஷயத்தில் இன்றைக்கும் நான் அவர் பக்கம் இல்லை. ஆனால் கீழே யாரோ இருப்பது அந்தத் துண்டை எழுதும்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பேயாக இருக்குமோ என்று பயப்படத் தெரிந்த எனக்கு, போக்கிடமில்லாத மனிதராக இருக்குமோ என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்பதுதான் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கும்போதெல்லாம் சுடுகிறது.