இறங்குவதற்கு முன் சொன்னது

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளைப் பழுது பார்ப்பது சுயம்புராஜின் வேலை. கணவாய்க் காற்று முகத்தில் அறையும்போதும் உச்சியில் நின்று நட்டு முறுக்குவார். அப்போதெல்லாம் பயந்ததில்லை. சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தால்தான் வேலை நின்றுவிடும். மனைவி நந்தனாவாக இருக்குமோ என்ற பயம்.

நந்தனா பிரியமானவள். காலையில், "உங்கள விட்டா எனக்கு யாரு உண்டு" என்பாள். மதியம் அவர் ஃபோனை எடுக்கக் கொஞ்சம் பிந்தினால், "என்னைய விட்டுட்டுப் போகப் போறீங்க, எனக்குத் தெரியும்" என்று கதறுவாள். தட்டு பறக்கும். பிறகு அவளே அழுதுகொண்டு பொறுக்குவாள். பேய் என்றார்கள் சொந்தக்காரர்கள். கொழுப்பு என்றார்கள் சிலர். ஒருமுறை தன்னையே காயப்படுத்திக்கொண்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கதவைத் தள்ளுமுன் ஒவ்வொரு முறையும் சுயம்புராஜ் நின்று காதுகொடுத்துக் கேட்பார். உள்ளிருந்து சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

அந்த ஆஸ்பத்திரிதான் அவர்களை ஷாஹினாஸிடம் அனுப்பியது. ஷாஹினாஸ் கோட்டாற்றுக்காரர். நாகர்கோவிலில் உளவியல் பேராசிரியர். நந்தனாவுக்கு இருப்பது ஆளுமைக் கோளாறு, அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு என்றார். ஆனால் அதை முறையாகத் தரத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அதனால் அவருடைய ஆராய்ச்சியே வேறு திசையில் போயிருந்தது. குளச்சல் முதல் அஞ்சுகிராமம் வரை வீடு வீடாக உட்கார்ந்து, நோயாளி கலங்கும்போது கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். பயந்தவர்கள் ஒன்று கத்தினார்கள், இல்லையென்றால் விலகி ஓடினார்கள். இரண்டுமே நோயாளியின் பயத்தை ஏற்றின. சிகிச்சையில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களுக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்பது அவர் கேள்வி.

வீட்டுக்காரர்களுக்கான வகுப்புக்கு வரச் சொன்னதும் சுயம்புராஜுக்குக் கோபம் வந்தது.

"சூக்கேடு அவளுக்கா, எனக்கா மேடம்? நோயாளி அவதானே?"

"அவங்களுக்குத்தான். ஆனா உங்களுக்குப் பயம் வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"ஏசுவேன். தாங்க முடியலன்னா ஃபோன ஆஃப் பண்ணிருவேன்."

"ஆஃப் ஆன ஃபோன்ல அவங்களுக்கு என்ன கேட்டிருக்கும்னு நினைக்கிறீங்க?"

மறுவாரம் வகுப்புக்குப் போனார்.

ஆனி மாதக் காற்று உச்சத்தில் இருந்த ஒரு முற்பகல். கோபுரத்தின் மேலே இயந்திர அறையில் சுயம்புராஜும் கூட்டாளி எபிசனும் வேலையில் இருந்தார்கள். ஃபோன் அதிர்ந்தது. நந்தனா கதறவில்லை. தணிந்த குரலில் பேசினாள்.

"இனி உங்களுக்குத் தொந்தரவு இல்ல. நீங்க வரும்போ நான் இருக்க மாட்டேன்."

ஓடு, ஓடு என்றது சுயம்புராஜின் உடம்பு. ஆனால் கோபுரம் ஓர் இரும்புக் குழாய், இறங்கும் ஏணி அதற்குள் இருந்தது. உள்ளே போனால் சிக்னல் கிடையாது. இறங்கத் தொடங்கிய கணமே அழைப்பு அறுந்துவிடும். அவள் காதில் அது எப்படிக் கேட்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

"நந்து, நான் லைன்லதான் இருக்கேன். ரொம்ப வேதனையா இருக்கு, இல்லியா?"

அவள் மூச்சு வேகமாகக் கேட்டது. "பைத்தியமா உனக்கு" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"நேத்து ராத்திரி நான் பேசாம படுத்துட்டேன். விட்டுட்டுப் போயிருவேன்னு பயந்துட்டியா?"

"ஆமா" என்றாள்.

"அந்தப் பயத்தோட தனியா இருக்கது கஷ்டந்தான்."

அவர் சைகை காட்ட, எபிசன் இதுபோன்ற நேரத்துக்கென்று வாங்கி வைத்திருந்த எண்ணில் பக்கத்து வீட்டு ஜெயபாயை அழைத்தார். ஜெயபாய் துணி தைப்பவள். மிஷினை அப்படியே விட்டு ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருப்பதாக எபிசனின் ஃபோனில் சொன்னாள்.

"ஜெயபாய் அக்கா வாசல்ல நிக்கா. கதவத் திறந்து அவகூட இரு மக்கா."

தாழ் விலகவில்லை. கோபுரம் காற்றில் ஆடியது. சுயம்புராஜ் கேட்டுக்கொண்டே நின்றார். வெகுநேரத்துக்குப் பிறகு இரும்பு உரசும் சத்தம். ஜெயபாயின் குரல்: "வா பிள்ளே, இங்க இரு."

"நந்து, இனி நான் இறங்கணும். குழாய்க்குள்ள சிக்னல் இல்ல, ஃபோன் கட் ஆவும். நான் விட்டுட்டுப் போகல்ல. கீழ வந்ததும் கூப்பிடுவேன். கேட்டியா?"

"ம்."

இருட்டுக் குழாய்க்குள் அவர் இறங்கினார். பாதுகாப்பு இடுப்புவாரை மாற்றி மாட்டும்போது விரல்கள் வழுக்கின. சொன்னது போதாதோ, ஜெயபாயைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாளோ என்று ஒவ்வொரு படியிலும் தன்னையே கேட்டுக்கொண்டார். வேகமாகப் போனால் தவறி விழுவோம், மெதுவாகப் போனால் அவள் போய்விடுவாள். தன் வேலையிலேயே முதல்முறையாக அவருக்கு உயரம் பயமாக இருந்தது.

கீழ்க்கதவைத் தள்ளி வெளிச்சத்துக்கு வந்து அழைத்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார்.

"கீழ வந்துட்டீங்களா?" என்று கேட்டாள் நந்தனா. "வந்துட்டேன். வீட்டுக்குத்தான் வாரேன்" என்றார் சுயம்புராஜ்.

அன்று சாயங்காலமே ஷாஹினாஸ் அவளைப் பார்த்தார். சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எல்லாம் அடங்கியபின் ஷாஹினாஸ் நந்தனாவிடம், "எது உங்களைப் பிடிச்சு நிறுத்துச்சு?" என்று கேட்டார்.

"ஃபோன் கட் ஆவும்னு அவங்க முன்னாலேயே சொன்னாங்க. இதுவரைக்கும் யாரும் போறதுக்கு முன்ன எங்கிட்ட சொன்னது கிடையாது."

ஷாஹினாஸின் பாடத்தில் அதுவரை இந்தப் பகுதி இருக்கவில்லை. பேசுவதைக் கற்றுக்கொடுத்திருந்தார், பேச்சை நிறுத்துவதைக் கற்றுக்கொடுக்கவில்லை. இருவரின் சம்மதத்தோடு, பெயரில்லாமல், அதைப் பாடத்தில் சேர்த்தார். அடுத்த கட்டுரையிலும் எழுதினார். வெளியூர்களிலும் சில ஆஸ்பத்திரிகள் அந்த வகுப்பைத் தொடங்கின. தங்கள் ஊரில் அவசரமாகக் கொண்டுவரப்படுபவர்கள் குறைந்திருப்பதாக அங்கிருந்து எழுதினார்கள். படித்தபோது ஷாஹினாஸ் மகிழ்ந்தார். தான் கவனிக்காமல் விட்டது இன்னும் என்னென்னவோ என்று அஞ்சவும் செய்தார்.

நந்தனா இன்றும் சிகிச்சைக்குப் போகிறாள். ஜெயபாயிடம் தையல் படிக்கிறாள். கெட்ட நாட்கள் இன்னமும் வருகின்றன, முன்போல அடுக்கடுக்காக இல்லை. போன மாத வகுப்பில், மகளைப் பற்றிச் சொல்லி அழுத தேங்காப்பட்டணத்துப் பெண் சைனப் பீவி, நந்தனாவோடு அனுபவம் சொல்ல வந்திருந்த சுயம்புராஜிடம் கேட்டார்:

"இந்தப் பயம் எப்போ போவும்?"

சுயம்புராஜ் பக்கத்திலிருந்த நந்தனாவைப் பார்த்தார்.

"போகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "எனக்கு இப்பவும் உண்டு. அதோடயே பேசப் பழகிட்டேன்."

நந்தனா எழுந்து, சைனப் பீவிக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.