ஆயுத பூஜை வரிசையில் அப்பாவின் ஸ்பானர்

சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத நம் குடும்பத்தில் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். நான்காம் வகுப்பைத் தாண்டாதவன்தான், அதனால் என்ன? கெடாவில் கூலிம் ஊரில் லோரிப் பட்டறை வைத்து, பெயர்ப் பலகையை நானே எழுதி, நானே ஏணி போட்டு மாட்டியவன். அண்ணன் வாழ்நாளெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனும் நானே. அதை வேறு யார் எழுதினாலும் சரியாக வராது.

அண்ணன் பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், தோட்டத்தை ஒட்டியிருந்த வெள்ளைக்காரர்களின் ராணுவ முகாமுக்கு அப்பா கூலி வேலைக்குப் போனார். உள்ளே நடப்பதை வெளியே பேசக்கூடாது என்று கட்டளை. அதனால் என்ன வேலை என்று அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப்போன ஒரே பொருள் ஒரு ஸ்பானர்.

அண்ணன் மீசை முளைக்கும் முன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். அம்மாவையும் என்னையும் அவர்தான் காப்பாற்றினார். தோட்டம் கைமாறியபின் கூலிமுக்கு வந்து, ஹைடெக் பூங்காவுக்கு ஆள் ஏற்றும் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். இருட்டு விலகும் முன் பஸ்ஸை எடுப்பார். தூங்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகள் திடுக்கிடக்கூடாது என்று ஹாரனே அடிக்கமாட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

அந்த ஸ்பானரைச் சொல்கிறேன். முழங்கை நீளம். ஒரு முனை பிறை மாதிரி; பிறைக்குள்ளே இரண்டு பல். மறுமுனையில் சதுர ஓட்டை. நடுத்தண்டு யானைத் துதிக்கை போல வளைந்திருக்கும். பிடியில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடும் ஒரு குறி. நான் கழற்றாத லோரி கெடாவில் இல்லை; ஆனால் எந்த லோரியின் எந்த நட்டிலும் அது உட்காரவில்லை.

ஓர் ஆயுத பூஜையன்று அந்தக் குறியைப் பார்த்து அண்ணி வேல் என்றார். யான் ஊரிலிருந்து வந்திருந்த அண்ணியின் தம்பி, அதாவது எங்கள் மச்சான், சிரித்தார்.

"வேலும் இல்ல, சூலமும் இல்லக்கா. அது அம்பு. குண்டு எந்தப் பக்கம் பாயணும்னு வெள்ளைக்காரன் போட்ட அடையாளம் லா. குண்டோட மூக்கைத் திருகுற சாமான் இது. பூஜையில வெச்சீங்கன்னா குடும்பத்துக்கு ஆகாது."

மச்சான் விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணனுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அந்த முகாமிலிருந்து போன குண்டுகள் காட்டில் விழுந்தன. கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போன எங்கள் தோட்டத்துப் பையன்கள் சிலர் திரும்பவே இல்லை. அப்பா அந்தக் குண்டுகளுக்குக் கை கொடுத்தவரா?

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பால் வெட்டிய கத்தி, என் சுத்தியல், பஸ் சாவி, அண்ணியின் அரிவாள்மனை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் உட்காரும். அப்பாவின் ஸ்பானர் மட்டும் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சாக்குக்குள் கிடக்கும்.

"எதுக்குன்னு தெரியட்டும்டா தம்பி. ஆளைக் கொன்ன சாமான்னா அது வெளியவே கெடக்கட்டும். இல்லேன்னா அப்பாவுக்குத்தான் மொத எடம்."

"நான் கண்டுபுடிக்கிறேண்ணே."

"நீ மொதல்ல என் பஸ் பிரேக்கு ஏன் கத்துதுன்னு கண்டுபுடி."

வருடங்கள் ஓடின. அண்ணனுக்கு இருதயம் பலவீனமாகி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஒருநாள் அண்ணன் பின்பக்கத்தைக் காட்டி, "அது இன்னும் அங்கதான கெடக்கு?" என்று கேட்டார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. சாக்கோடு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

துருவைத் தேய்த்து வெயிலில் பிடித்தபோதுதான் கவனித்தேன். பிறை முனை மட்டும் மயில் கழுத்து மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் வெல்டிங் செய்தவன் நான். இரும்பு எப்போது நீலம் பாயும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த முனை நிறைய சூடு பார்த்திருக்கிறது. அந்த வளைவு? கை நெருப்பிலிருந்து தள்ளி இருப்பதற்கு! குண்டுக்குப் பக்கத்தில் நெருப்புக்கு என்ன வேலை? குண்டை எவனாவது அடுப்பில் வைப்பானா என்று எனக்கு நானே சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றது. அடுப்பு!

சுங்கைப் பட்டாணியில் எனக்குத் தெரிந்த பழைய இரும்புக்கடைத் தவுக்கேயிடம், அந்தச் சீன முதலாளியிடம், ஓடினேன்.

"தவுக்கே, பழைய ராணுவ அடுப்பு ஏதும் இருக்கா?"

"இருக்கு அண்ணே. ரொம்ப கனம் லா. யாரும் வாங்க மாட்டான்."

எண்ணெய்த் தொட்டியோடு சேர்ந்த பெரிய பம்ப் அடுப்பு. தொட்டியின் நெற்றியில் அதே அம்பு! ராணுவச் சாமான் எல்லாவற்றிலும் அந்த அம்பு உண்டு என்றார் தவுக்கே. பிறையை பர்னர் மூடியில் வைத்தேன். இரண்டு பல்லும் இரண்டு பள்ளத்தில் இறங்கின. திருப்பினேன், மூடி கழன்றது. சதுர ஓட்டையை எண்ணெய்க் குழாயின் தலையில் மாட்டினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. நான் போட்ட கூச்சலில் தவுக்கே பதறிப்போனார்.

"என்ன அண்ணே, லாட்டரி நம்பர் அடிச்சுதா?"

"நம்பர் இல்ல தவுக்கே. எங்கப்பா கெடைச்சுட்டாரு."

அடுப்பை லோரியில் ஏற்றி நேரே அண்ணனிடம் போனேன். செய்து காட்டினேன். அண்ணன் வெகுநேரம் அந்தப் பிறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டேய், அப்பா டின்னுல அடிப்புடிச்ச சோறு கொண்டாருவாரு. எனக்கு ஞாபகம் இருக்கு. யாரோ மிச்சம் வெச்சதை வாங்கிட்டு வர்றாருன்னு நெனச்சேன். வாங்குனது இல்லடா. அவரு ஆக்குனது!"

குண்டு தூக்கியவர் இல்லை எங்கள் அப்பா. குசினியில் நின்று சோறு ஆக்கியவர்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு யானிலிருந்து மச்சானை வரச்சொல்லி ஆள் விட்டேன். அடுப்புக்கு வாஷர் நானே வெட்டிப் போட்டிருந்தேன். முற்றத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, அப்பாவின் ஸ்பானரால் எண்ணெய்க் குழாயைத் திறந்து பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது பாருங்கள், அப்படி ஒரு தீ! நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் உரக்கச் சொன்னார்:

"மச்சான், குண்டு வெடிக்கப்போவுது, தள்ளி நில்லுங்க!"

"ஐயோ போதும் லா, நான் தோத்துட்டேன். சந்தனத்தைக் கொண்டாங்க."

மச்சானே ஸ்பானருக்குச் சந்தனம் பூசினார். குங்குமம் வைத்து, வரிசையில் முதலாவதாக வைத்தவர் அண்ணன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் இல்லை. ஆனால் தேடியதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் போனார்.

கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், நடக்க முடியாத நாளில் தூக்கி இறக்கிய பக்கத்து வீட்டாருக்கும், பஸ் அங்கிளைப் பார்க்க வேலை உடுப்போடு வந்த தொழிற்சாலைப் பெண்பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று மதியம் அண்ணன் நினைவாக உங்கள் இலையில் விழும் பாயசம் அந்த அடுப்பில்தான் வேகிறது. அப்பாவின் ஸ்பானரைப் பிடித்துத் தீயைப் பார்த்துக்கொள்வது மச்சானின் பொறுப்பு. கொஞ்சம் அடிப்பிடித்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள், இன்னொரு கரண்டி கேட்டு வாங்குங்கள். அண்ணன் சின்ன வயதில் சாப்பிட்டு வளர்ந்த ருசி அது.