இரண்டு மணி நேரக் கரண்டு

பெரியப்பா அப்பாவோடு பேச்சை நிறுத்தியது நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம். பாகப்பிரிவினையால் அல்ல, பெண் கொடுத்து வாங்கியதிலும் அல்ல. கரண்டால். எங்கள் பக்கத்தில் கரண்டுக்காக முறைத்துக்கொண்ட முதல் அண்ணன் தம்பி அவர்களாகத்தான் இருக்கும். மற்ற பல வீடுகளுக்கு அது இன்னும் வந்தே சேரவில்லை.

அப்பா ஊருக்கு வெளியே இருந்த சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டர். புதுக்கோட்டை அப்போது திருச்சி ஜில்லாவில் இருந்தது. பொட்டலில் முள்கம்பி வேலி, அதற்குள் ஜல்லி பரப்பிய முற்றம், முற்றத்தில் ஓயாமல் ரீங்காரமிடும் டிரான்ஸ்பார்மர், ஒரு நீள அறை, பக்கத்தில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ். அறைச் சுவரில் வட்ட வட்டமாக மீட்டர்கள். மணிக்கொரு தரம் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து அப்பா ஒரு பெரிய நோட்டில் எழுதுவார். அதில் ஒரு மீட்டரை மட்டும் எனக்குக் காட்டித் தந்திருந்தார். அதன் முள் ஐம்பதிலேயே நிற்க வேண்டுமாம். ராஜ்ஜியம் பூராவையும் ஒரே கம்பியால் கோத்திருப்பதால், எங்கே எவர் மோட்டார் போட்டாலும் அது எல்லோரையும் இழுக்குமாம். உண்டாகிற கரண்டைவிடச் செலவாகிறது அதிகமானால் முள் இறங்கும், ரொம்ப இறங்கினால் எல்லா ஊரும் ஒன்றாக அணைந்துவிடும் என்றார். கோயம்புத்தூரில் ஒருவர் சுவிட்சைத் தட்டினால் எங்கள் வீட்டுச் சுவரில் ஏன் முள் ஆட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியதாகத் தலையாட்டினேன்.

மேஜையில் ஒரு கறுப்பு போன் இருந்தது. அது தபால் ஆபீஸ் போன் அல்ல. கரண்டு வருகிற பெரிய கம்பியிலேயே பேச்சும் வந்துவிடும். மேற்கே எங்கோ ஓர் ஊரில், எந்த ஸ்டேஷனுக்கு எவ்வளவு என்று கரண்டைப் பங்கு போடுகிற ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள். காதில் ஷாக் அடிக்காதா என்று அப்பாவைக் கேட்டேன். "அடிக்கிற மாதிரிதான் பேசுவாங்க" என்றார்.

பெரியப்பா குடுமியான்மலைப் பாதையில் இருந்த எங்கள் சொந்த ஊரில் விவசாயம் பார்த்தார். அப்பா பேச்சைக் கேட்டுத்தான் கமலையில் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுவிட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டார். முதல் வருஷம் தண்ணீர் பீறிட்டு விழுந்ததை ஊரே நின்று பார்த்தது. மறு வருஷம் மலைப் பக்கம் ஆடி மழை பொய்த்தது. அணைகள் அடிமட்டத்துக்குப் போயின. கரண்டு அங்கே விழுகிற தண்ணீரில்தான் உண்டாகிறது என்று அப்பா சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கக் கரண்டு வேண்டும், கரண்டு எடுக்கத் தண்ணீர் வேண்டும் என்றால் இதில் எது முதலில் வரும்?

பங்குனியில் பெரியப்பாவின் நெற்பயிர் பால் பிடிக்கிற தருணம். கிராமங்களுக்குப் போகிற லைன்களை முறை வைத்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. எந்த லைன், எந்த மணி என்று ஒரு பட்டியல் சுவரில் தொங்கியது. குடுமியான்மலை லைனுக்கு விடிகாலையில் கொஞ்ச நேரம் வரும். மோட்டார் தண்ணீரை இழுத்து வாய்க்காலில் விட்டு, அது வயலை எட்டுவதற்குள் நின்றுவிடும்.

இதற்கு நடுவில் நாலு பேர் முக்காலியில் குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டு பெரியப்பா வயலுக்குள் இறங்கினார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகளை வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். புதிதாக ஒரு பெரிய லைன் வருகிறதாம். பெரியப்பா குச்சிகளைப் பிடுங்கி ஒரு கட்டாகக் கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"இருக்கிற கம்பியிலயே ஒண்ணும் வரல. இன்னொரு கம்பி எதுக்கு தம்பி?"

"அது இப்பத்துக்கு இல்லண்ணே. பத்து வருசம் கழிச்சு எத்தனை மோட்டார் ஓடும், எத்தனை மில்லு வரும்னு ஊர் ஊரா கணக்கெடுத்து, அதுக்குத் தக்கன இப்பவே லைன் போடுறாக. அப்ப ஆரம்பிச்சா முடியாதுல்ல."

"பத்து வருசம் கழிச்சு எம் மோட்டாரு என்ன குடிக்கும்னு கணக்கு வச்சிருக்காக. பத்து நாள்ல எம் பயிரு என்னாகும்னு யார்ட்ட இருக்கு கணக்கு?"

பெரியப்பா சுவரில் லைனுக்கு ஒன்றாக இருந்த கைப்பிடிகளைப் பார்த்தார். "இதுல எங்க லைன் எது?" என்று கேட்டார். அப்பா காட்டினார்.

"திருப்புனா வருமா?"

"வரும்ண்ணே. ஆனா நான் திருப்பக் கூடாது."

"ஒங்கையிலதான் இருக்கு. ஒனக்கு மனசு இல்ல."

குச்சிக் கட்டை அப்பா காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். என் தலையைத் தொடாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை. அதற்குப் பின் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பங்குனித் திருவிழாவுக்குக் கூப்பிடவும் இல்லை. அம்மா அப்பாவுக்குச் சோறு போடும்போது பாத்திரம் சத்தமாக விழுந்தது.

நான் யோசித்துப் பார்த்தேன். அப்பா திருப்பக் கூடாது என்றால், திருப்பலாம் என்று சொல்ல யாரோ இருக்கத்தானே வேண்டும்? அது போனில் பேசுகிறவர்தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது அப்பா முற்றத்தில் ஹெல்ப்பரோடு எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுத்தேன். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் ஒரு குரல், லோடு எவ்வளவு என்று கேட்டது.

"எங்க பெரியப்பா பயிரு காயுது" என்றேன்.

"யாரும்மா அது?" என்றது குரல்.

"ஆபரேட்டர் மக. எங்க பெரியப்பாவுக்குக் கரண்டு விடச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் விட்டாப் போதும். வாய்க்கால் நனைஞ்சிரும்."

அவர் திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். திட்டவில்லை. "அங்கிட்டு மேகம் ஏதும் தெரியுதா?" என்று கேட்டார். ஜன்னல் வழியே பார்த்து, இல்லை என்றேன். "இங்கயும் இல்லம்மா" என்றார். அதற்குள் அப்பா ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "சார், சார்" என்று நாலைந்து தடவை சொன்னார், ஏதோ எண்களைச் சொன்னார், வைத்தார்.

எனக்கு அடி விழும் என்று நின்றேன். அப்பா அடிக்கவில்லை. என்ன பேசினாய் என்று கேட்டார், சொன்னேன். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே சுவரில் தொங்கிய பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் ஒரு கைப்பிடியைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார். முற்றத்தில் இரண்டு தரம் பலத்த சத்தம் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினார்.

"பெரியப்பாவுக்கு விட்டாச்சா?" என்றேன்.

"ம்" என்றார்.

சாயங்காலம் பெரியப்பா ஆள் விட்டு ஒரு பூசணிக்காய் அனுப்பினார். மறுநாள் அவரே வந்தார். "ரெண்டு மணி நேரம் ஓடுச்சு தம்பி. கடைமடை வரைக்கும் பாஞ்சிருச்சு" என்றார். நான்தான் போனில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னேன். "எங்காத்தா" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். போகும்போது முளைக்குச்சிக் கட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய், பிடுங்கிய குழிகளிலேயே அடித்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் ஒரு கோடை மழையும் பெய்து, நெல் முக்கால்வாசி வீடு வந்து சேர்ந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தபோதுதான் ஆலங்குடியிலிருந்து சித்தப்பா வந்தார். அம்மாவின் தங்கையை அங்கே கொடுத்திருந்தது. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் கூட்டி வைத்திருந்தபோது, முறை இருந்தும் வியாழக்கிழமை மத்தியானம் கரண்டு வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் வாயால் கேட்டதோடு சரி. ஆனால் அந்த லைனில் இருந்த வேறு யாரோ மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அப்பா ஒரு ராத்திரி முழுக்க விளக்கம் எழுதினார். சித்திரை முடிவதற்குள் கோட்டைப்பட்டினம் பக்கம் மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அம்மா அழுதாள். நான் போனை எடுத்ததால்தான் இது என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன். யாரும் என்னைத் திட்டாததுதான் பெரிய குழப்பமாக இருந்தது.

நான் வேலைக்குப் போன பிறகு, அதே ஸ்டேஷனில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவரை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். போன் கதையைச் சொல்லி, நான்தான் அப்பாவைத் தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் சிரித்தார். "அந்த ஆபீசுக்கு ஒங்க பெரியப்பா லைனே தெரியாதேம்மா. ஸ்டேஷனுக்கு மொத்தமா இவ்வளவுன்னுதான் சொல்லுவாக. இங்கிட்டு விட்டா அங்கிட்டு நிறுத்தணும். அன்னைக்கு மாத்தினது ஒங்கப்பாதான், யாரும் சொல்லல. நோட்டுல மணி, லைனு எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதிட்டாரு. காரணம்கிற கட்டத்தை மட்டும் சும்மா விட்டிருந்தாரு."

அதைக் கேட்ட பிறகுதான் அந்த வியாழக்கிழமையில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. கைப்பிடிகளைத் திருப்பிய பின் அந்த இரண்டு மணி நேரமும் அப்பா சாப்பிடவில்லை. ஜன்னலருகே நின்றுகொண்டு, "ஆலங்குடி எந்தத் திசையில இருக்கு, தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். பூகோளம் கேட்கிறார் என்று நினைத்தேன். கிழக்கே கையைக் காட்டிவிட்டு, சரியாகச் சொன்னதற்கு அவர் ஏன் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று புரியாமல் நின்றேன்.