ஒழுகாத இருட்டு

முதலில் கதவைச் சாத்தச் சொல்வார். பிறகு அறையின் நட்டநடுவில், வெறுந்தரையில், மல்லாந்து படுத்துக்கொள்வார். வெளியே உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். உள்ளே தன் கையே தனக்குத் தெரியாது. "யாரும் பேசாதீங்க. பேசினா எனக்குக் கண்ணு தெரியாது" என்பார். பேச்சுக்கும் பார்வைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் உண்டு, பதில் வாங்கியவர்கள் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துத் தரையிலிருந்து குரல் வரும். "மேல் மூலை ஒழுகுது. ஏணியைக் கொண்டாங்க."

ஒழுகுவது வெயில். நமக்கெல்லாம் வெயில் அடிக்கும், காயும், சுடும். அவருக்கு அது ஒழுகும்.

ரத்தக்காட்டேரிகளைப் பற்றிய அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு அதன் சட்டம் தெரிந்திருக்கும். காட்டேரி மேல் வெயில் பட்டால் கருகிவிடும். ஆகவே கதை முழுக்க இருட்டிலேயே நடக்கிறது. படப்பிடிப்போ பகலில்தான். நடிகர்களும் தூங்க வேண்டும், அக்கம்பக்கத்தாரும் தூங்க வேண்டும் அல்லவா. வாடகைக்கு எடுத்த பழைய பங்களா ஒன்றில் சுவருக்கு நாலு ஜன்னல். கட்டியவர் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஆசைப்பட்ட மனிதர் போலிருக்கிறது. அத்தனை ஜன்னல்களையும் கறுப்புத் துணி போட்டு அடைத்து, பட்டப்பகலை நள்ளிரவாக்கிக் கொடுப்பது இவர் வேலை. படப்பிடிப்புக் குழுவில் எல்லாரும் இவரை இருட்டண்ணன் என்கிறார்கள். டைரக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. இரண்டு மணிக்கட்டிலும் கறுப்பு டேப் சுருள்களை வளையல்போல மாட்டியிருப்பார். சட்டை, பேன்ட், செருப்பு எல்லாம் கறுப்பு. ஒருநாள் தயாரிப்பாளரே வெள்ளைச் சட்டையில் வந்து நின்றபோது, "உள்ள வராதீங்க சார். நீங்களே ஒரு ட்யூப்லைட்டு" என்று வாசலிலேயே மறித்துவிட்டார். தயாரிப்பாளர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்து ஜன்னல்களைத்தான் பார்ப்பார். "நல்லா ஒழுகுது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் வருத்தமாகச் சொல்வார். அவர் வீட்டு டிவியில் எரியும் சிவப்புப் பொட்டு மேல் டேப் ஒட்டியிருக்கிறது. சார்ஜர், ஃபிரிட்ஜ் எதுவும் தப்பவில்லை. இருட்டில் ஏதாவது மினுக்கினால் அவருக்குத் தூக்கம் வராது.

முதல் சீசன் சக்கைப்போடு போட்டது. இரண்டாவது சீசன் இன்னும் இருட்டாக இருக்க வேண்டும் என்று மேலிடம் சொன்னதும், இவருக்குத் துணி இரண்டு பங்கு வந்து இறங்கியது. உதவிக்குப் பத்து ஆள் வந்திருந்தாலும் அந்த மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். ஆனால் முன்னைப்போல அவர் வேலை செய்யவில்லை என்பதை ஏணி பிடிப்பவர்கள்கூடக் கவனித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் காட்டேரிகளெல்லாம் கோரைப்பற்களைக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசும். ஐந்நூறு வயதுக் காட்டேரி அம்மா மூட்டுவலிக்கு எண்ணெய் கேட்டு அலையும். முன்பெல்லாம் அந்த வட்டத்தில் நடுநாயகமாக உட்கார்ந்து கேலி பேசியவர், இப்போது தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுகிறார்.

காரணம் வீட்டில் இருந்தது.

ஒரே மகள். நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வெயிலில் நின்று நின்று கறுத்து, நீச்சல் கண்ணாடியின் தடம் மட்டும் முகத்தில் வெளுப்பாகத் தெரியும். முதல் சீசனை அப்பாவும் மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள். அவருக்குக் கதை புரியாது, பிரேமின் மூலைகளை மட்டுமே பார்ப்பார். யார் யாரைக் கடித்தார்கள் என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் அவள் குதித்து எழுந்தாள். "அப்பா! உங்க காட்டேரி முதுகுல வெயில் அடிக்குது. இன்னும் சாகலையே!" திரையில் நூல் பருமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு. அந்த வாரம் முழுக்க அவர் யார் முகத்திலும் முழிக்கவில்லை. அவளோ குளத்துக்கு வரும் குழந்தைகளிடம்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்குத்தான் ஒற்றைத் தலைவலி வந்தது. வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி வலி. குளத்தங்கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாள் இருட்டறையில் ஓய்வெடுக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் என்ற வார்த்தை அப்பாவின் காதில் விழுந்ததோ இல்லையோ, இருட்டறை என்பது நன்றாக விழுந்தது.

பெற்ற பெண் வலியில் துடிக்கிறாள். ஊரிலேயே அவரைவிட நன்றாக இருட்டுச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. முதல் சீசனில் மிச்சமான துணியை எடுத்துவந்தார். ஜன்னலுக்கு இரட்டைத் துணி அடித்தார். வென்டிலேட்டரை அட்டை வைத்து மூடினார். சாவித் துவாரத்தில் பஞ்சு, கதவுக்கு அடியில் துணிச்சுருள். மகள் கட்டிலில் முனகிக்கொண்டிருக்க, அவர் தரையில் படுத்து ஒழுக்கு தேடினார். ஒன்றுகூட இல்லை. வாழ்நாளில் அவர் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. "அப்பா, இப்பத்தான்ப்பா வலி விடுது" என்று அவள் அழுதபோது அவருக்கும் அழுகை வந்துவிட்டது. பெருமையாகவும் இருந்தது.

வலி சில வாரங்களில் அடங்கிவிட்டது. அவள் வெளியே வரவில்லை.

சாப்பாடு உள்ளே போகும், தட்டு வெளியே வரும். குளிப்பதற்குப் பொழுது சாய்ந்த பிறகு, வீட்டு விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு வருவாள். முகத்தில் கண்ணாடித் தடம் இருந்த இடம் தெரியாமல் முகம் முழுக்க ஒரே வெளுப்பு. நீச்சல் குளத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். டாக்டர் இப்போது வேறு மாதிரி சொன்னார். "இருட்டு பழகிப்போச்சு. வெளிச்சத்தை நெனச்சாலே அவங்களுக்குப் பயம் வருது. இப்படியே விட்டா வெளிய வரவே முடியாமப் போயிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் விடுங்க." இவர் தலையாட்டிவிட்டு வந்தார். டேப்பின் நுனியில் நகத்தை வைப்பார். சத்தம் கேட்டதுமே உள்ளே இருந்து, "வேணாம்ப்பா, ப்ளீஸ்ப்பா" என்று குரல் வரும். உரித்ததை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டு வந்துவிடுவார்.

அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "ஊருக்கெல்லாம் இருட்டு வித்தது போதாதுன்னு வீட்டுக்கும் கொண்டாந்துட்டீங்க" என்றார் ஒருநாள். பிறகு தானே போய்த் துணியை ஒரே இழுப்பாகக் கிழித்தார். பெண் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். அன்றைக்கெல்லாம் வாந்தி. மறுநாள் மனைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே மறுபடி மாட்டிடுங்க" என்றார். மாட்டினார். முன்னைவிடக் கெட்டியாக.

இந்த நிலையில்தான் இரண்டாவது சீசனின் கடைசிக் காட்சி வந்தது. இந்த சீசனின் கதையே ஒரு சாதாரண வீட்டுப் பெண் காட்டேரியாகிவிடுவதுதான். அவளைப் பெற்ற தகப்பன் வீட்டை அடைத்து, வெயில் படாமல் காப்பாற்றி வருகிறான். அவள் ரத்தப் பசி பொறுக்க முடியாமல் போகும்போது, கடைசியில் அவனே திரையைப் பிடித்து இழுத்துவிடுகிறான். வெயில் பட்டுப் பெண் எரிகிறாள். விளக்கு வைத்து ஏமாற்ற வேண்டாம், நிஜ வெயிலே விழட்டும் என்றார் டைரக்டர். மேற்கு ஜன்னல், சாயங்கால வெயில். தகப்பனாக நடிப்பவர் திரையை இழுப்பதுபோல இழுப்பார். அதே நொடியில் மறைவில் நிற்கும் இருட்டண்ணன் கயிற்றை விட வேண்டும். மொத்தத் துணியும் சரிந்து விழும்.

உதவி இயக்குநர் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் இவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் பொண்ணு செத்துடுமா?"

"அடுத்த சீசன்ல திரும்பி வந்தாலும் வரும்ணா. காட்டேரிதானே."

டைரக்டர் குரல் கொடுத்தார். நடிகர் கண்ணீரோடு திரையைப் பிடித்து இழுத்தார். துணி அசையவில்லை. கட்டிலில் இருந்த நடிகைக்கு அது தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கும்மிருட்டில், வராத வெயிலில், எரிய ஆரம்பித்துவிட்டாள். அந்த அலறலுக்கு நடுவில் நடிகர் இன்னும் பலமாக இழுத்து, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கயித்தை விடுங்கண்ணா!" என்று டைரக்டர் கத்தினார். "என்னண்ணா ஆச்சு உங்களுக்கு?"

இருட்டண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் கயிற்றைச் சுற்றி இறுகியிருந்தன. வெயிலை மறிப்பது மட்டுமே தெரிந்த கை. விடச் சொன்னால் அதற்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவரால் ஒரு ஷாட் வீணானது இதுவே முதல் தடவை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்கு அதிக அவமானமாக இருந்தது.

அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விட்டார். துணி சரிந்தது, பெண் அலறினாள், டைரக்டர் கட் சொன்னார், எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணைத் திறந்தபோது அறை முழுக்க மஞ்சள் வெயில். எல்லாரும் கலைந்த பிறகும் அந்த நடிகை மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. கன்னத்தில் கருகிய மேக்கப்போடு, டீயை உறிஞ்சிக்கொண்டு, ஜன்னலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி இவர் துணியைத் தூக்கிக்கொண்டு போனதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"மூடாதீங்கண்ணா. இவ்ளோ நாளா உங்க இருட்டுல உக்காந்து உடம்பே நமுத்துப்போச்சு. கண்ணு கூசுது, எரியுது, ஆனா நல்லாருக்கு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."

துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு அவர் கிளம்பினார். மடித்து வைக்காமல் அவர் கிளம்பி யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோதும் வெயில் மிச்சம் இருந்தது. கதவைத் திறந்த மனைவி, "என்ன, வேலை போச்சா?" என்றார் பதற்றமாக. நேரே மகள் அறைக்குப் போய், கதவை உடம்பு நுழையும் அளவுக்குத் திறந்து, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். அவர் செய்த இருட்டு. அதில் அவருக்கு வழிதெரியாமல் போகுமா என்ன. ஜன்னல் ஓரமாகக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தயாரித்தவரே அந்த இருட்டுக்குள் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்தது அன்றுதான். மூச்சு முட்டியது. இதிலா என் குழந்தையை வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்.

"ரெண்டாவது சீசன் முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணு என்னாச்சு? வெளிய சொல்லக்கூடாதும்பீங்க."

"வெயில்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கு."

"கருகலையா?"

"எங்க கருகுச்சு. மூடப்போனா என்கிட்ட சண்டைக்கு வருது."

அவளிடமிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அவர் ஜன்னலைத் தடவி, கீழ் மூலையில் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினார். வேணாம்ப்பா என்ற குரலுக்காகக் காத்திருந்தார். மூச்சுச் சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டது. அந்த நுனியை அவள் விரல்களுக்கிடையில் வைத்தார்.

"நான் இழுக்க மாட்டேன். நீ இழு. வலிச்சா அப்பா உடனே ஒட்டிடறேன்."

 வெளியே மனைவி கதவருகில் வந்து நிற்பது கேட்டது. பிறகு டேப் பிரியும் சத்தம், ரொம்பக் கொஞ்சமாக. துணியின் ஓரம் நெகிழ்ந்து வெயில் உள்ளே விழுந்தது. அவள் உடம்பு துள்ளியது. அவர் கை தானாகவே போய் அவள் கண்களைப் பொத்தியது. உள்ளங்கையில் அவள் இமைகள் படபடத்தன, ஈரமாக. டேப்பை அவள் விடவில்லை.

"அப்பா," என்றாள். "கை."

அவர் விரல்களைக் கொஞ்சம் அகட்டினார்.