நான் அறுத்த கயிறு

என் தங்கையின் கணவர் குடியை விடுவதற்காகக் கோவிலில் கட்டியிருந்த கயிற்றை நான்தான் கத்தரிக்கோலால் அறுத்தேன். சிரித்துக்கொண்டே அறுத்தேன். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவர் திண்டிவனத்தில் வீட்டை ஒட்டிக் கடை வைத்து, எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களுக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர். குடியால் கை நடுங்கி, கடை பாதி நாள் மூடியே கிடந்தது. போன ஆடியில் அவராகவே கெடார் பக்கத்து அம்மன் கோவிலுக்குப் போய், ஒரு வருடம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டார். டாக்டர் பேச்சைக் கேட்காதவர்கள்கூட எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றுக்குப் பயப்படுவார்கள். ஏழு மாதம் ஓடியது. நடுக்கம் நின்றது. கடை வாசலில் மோட்டார்கள் வரிசையாக வந்து காத்திருந்தன.

எனக்கு அது பிடிக்கவில்லை. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. நான் விழுப்புரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தினமும் மாலையில் இரண்டு பெக், தொட்டுக்கொள்ள வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. இது கௌரவமான குடி என்று நினைப்பு. அவர் தெருவில் விழுந்து கிடந்தவரை நான் உயர்ந்த மனிதன். அவர் நிறுத்தியதும் தங்கை போனில், "அவரே விட்டுட்டாரு, உனக்கு இன்னாண்ணா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

மாசியில் பழைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் ஒரு யோசனை சொன்னார்கள். புதுச்சேரி பக்கம் பீரை அங்கேயே தயாரித்துக் கொடுக்கும் சின்ன ஆலைகள் வந்திருக்கின்றன, இரண்டைப் பார்க்கலாம், கடைசியாக ஒரு டிஸ்டில்லரி, ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். விழுப்புரத்திலிருந்து நேராகப் போயிருக்கலாம். நான்தான் வேனை விக்கிரவாண்டி வழியாகத் திண்டிவனத்துக்குத் திருப்பச் சொன்னேன். அவரை ஏற்றிக்கொள்ள. தங்கையிடம், கடற்கரைக்குப் போய் மீன் சாப்பாடு சாப்பிட்டு வருகிறோம் என்றேன்.

"பாண்டிச்சேரியா?" என்றாள். "பாத்துக்கோண்ணா."

"நான் இருக்கேன்ல?"

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அறையலாம் போலிருக்கிறது.

முதல் ஆலையில் பளபளக்கும் எஃகுத் தொட்டிகளைக் காட்டினார்கள். பலகையில் குழி வெட்டி, நான்கு குட்டிக் கண்ணாடிக் குவளைகளைப் பொருத்திக் கொண்டுவந்தார்கள். ஒன்று கேப்பையில் செய்ததாம். குடிப்பதை அங்கே யாரும் குடிப்பது என்று சொல்லவில்லை. 'ருசி பார்ப்பது' என்றார்கள். அவர் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்.

இரண்டாவது ஆலையில் நான் பாடம் நடத்தினேன். "மாப்ள, நீங்க சத்தியம் பண்ணது சாராயத்துக்கு. இது வடிச்சதே இல்ல, வெறும் புளிப்பு. இட்லி மாவு மாதிரி."

"கயிறு கட்டிக்கினு இருக்கேன், விடுங்க மச்சான்."

"வீட்ல ரிமோட்டு, கையில கயிறு. ரெண்டும் தங்கச்சி கன்ட்ரோலு," என்றார் ஒரு நண்பர். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். குவளையைத் தொடவில்லை.

டிஸ்டில்லரியில் பெரிய செப்புக் கொப்பரை இருந்தது. வடித்துக் காட்டுகிற இடம். காலையில் நான் சொன்ன வாதம் அங்கே செல்லாது, ஆனால் எனக்கு அது உறைக்கவே இல்லை. ரம்மைச் சின்னக் குவளையில் ஊற்றி நானே நீட்டினேன். மைத்துனன் கையால் கொடுத்ததை மறுப்பது எங்கள் குடும்பங்களில் அவமரியாதை. அது தெரிந்துதான் நீட்டினேன்.

"மச்சான், கயிறு," என்றார் மறுபடியும்.

பரிசுப் பெட்டிக்கு ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் மேஜையில் கிடந்தது. அவர் கையைப் பிடித்தேன். "இப்ப எங்க இருக்குது கயிறு?" என்றேன். நண்பர்கள் கை தட்டினார்கள். அவர் மணிக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார். திரும்பும் வழியில் மதுக்கடை வந்தபோது, வேனை நிறுத்தச் சொன்னது அவர்தான்.

அடுத்த மூன்று வாரத்தில் எல்லாம் பழையபடி ஆனது. தங்கை போனில் அழுதாள். "மனசு உறுதியா இருக்கணும்மா, அவருக்கு அது இல்ல," என்று நான் அவளுக்குப் புத்தி சொன்னேன். சொன்னவன் நான்!

அன்றிரவு எனக்கு ஊற்றிய பெக் இறங்கவில்லை. பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தேன். காலை முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய், இரண்டு பேரையும் எதிரில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

தங்கை அவர் பக்கம்தான் முதலில் திரும்பினாள். "நானே அறுத்துட்டேன்னு தானே சொன்னீங்க?"

மூன்று வாரமும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இந்த மனுசன நான் திட்டாத திட்டு இல்ல," என்றாள் என்னிடம். "நீ போன்ல அட்வைஸ் பண்ணிக்கினு இருந்த. எழுந்து போ."

கோவிலுக்குப் போய் மறுபடி கட்டலாம் வாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டேன்.

"எப்படி அறுந்துச்சின்னு பூசாரி கேப்பாரு."

"என்னையே சொல்லுங்க மாப்ள."

"அறுத்தது நீங்க. குடிச்சது யாரு மச்சான்?" என்றார். வரவில்லை.

அதிலிருந்து தினமும் போகிறேன். மதுக்கடை பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். அதற்கு முன் போய் அவர் கடையில் உட்கார்ந்துகொள்வேன். தங்கை தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. ஒருமுறை தொடர்ந்து ஒன்பது நாள் அவர் எழுந்து போகவில்லை. பத்தாவது நாள் போனார்.

நேற்று நான் வாசலை மறித்து நின்றேன்.

"நவுருங்க மச்சான்."

நகரவில்லை. தள்ளிவிட்டுப் போனார். தங்கைதான் வந்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். முழங்கைச் சிராய்ப்பைக் கழுவிவிட்டு, "வந்து உக்காந்துக்கினு இன்னாத்த கிழிச்ச? நாளைக்கு வராத," என்றாள்.

இன்றும் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஸ்டூலை இழுத்து, வாசலை விட்டுத் தள்ளி உள்ளே போட்டார். உட்கார்ந்தேன். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து போனார்.