அம்சத் பீவி கொடுக்க மறுத்த தண்டு

உத்தமபாளையத்து அம்சத் பீவியிடம் வாயைக் கொடுத்துத் தப்பித்தவர் கிடையாது. புருஷன் அலி அக்பர் மண்டிக்கு வாழைத்தார் ஏற்றிப் போனால் தோப்பில் ஆட்களை வேலை வாங்குவது அவள்தான். தார் வெட்டிய மரத்தின் தண்டை, கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். அந்தத் தண்டுதான் அவளைப் பெரிய மனுஷியாக்கியது.

மகள் முபீனாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தினமும் நரம்பு ஊசி. காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல். அம்சத் பீவி ஸ்கேன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்கம்மா, இது நிஜக் கல் இல்ல" என்றார் டாக்டரம்மா. "நாங்க போட்ட ஆன்டிபயாட்டிக், சுண்ணாம்புச் சத்தோட சேந்து பித்தப்பையில படிஞ்சிருக்கு. மருந்தை மாத்திடுறோம். தானா கரைஞ்சிடும்."

கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தண்டை இடித்துச் சாறு பிழிந்து மகளுக்குக் கொடுக்கவும் செய்தாள். கல் என்று காதில் விழுந்த பிறகு தண்டுச் சாறு கொடுக்காத தாய் அந்தப் பக்கம் உண்டா? அடுத்த ஸ்கேனில் பித்தப்பை துடைத்துவிட்டது போலிருந்தது.

அம்சத் பீவி கல்லைக் கரைத்துவிட்டாள் என்று தெருவெல்லாம் பேச்சு. அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். விடிந்ததும் தோப்பு வாசலில் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். "டாக்டரம்மா வந்துட்டாகளா?" என்று அலி அக்பரே கேலி பேசினார். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை.

ஒருநாள் அந்தக் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த செலின் வந்து நின்றாள். ராயப்பன்பட்டியில் வாக்கப்பட்டவள். முகம் வாடிக் கிடந்தது.

"தண்டு குடுடி அம்சத்து. போன வாரம் எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்தது தீந்துபோச்சு."

"ஒனக்கு எதுக்குடி?"

"பித்தப்பையில கல்லு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னாக. மாட்டேன்னுட்டேன். நீதான் கரைக்கிறியே!"

அம்சத் பீவி அவள் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் பூத்திருந்தது. கையிலிருந்த அரிவாள் தாழ்ந்தது. வாசலில் நின்ற அத்தனை பேரும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒனக்குத் தண்டு கெடையாது."

"ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்குற, எனக்கு மட்டும் இல்லையா? பெரிய மனுசி ஆயிட்டடி."

"ஏசிக்க. ஆனா கேளு. எம்மக வயித்துல கெடந்தது கல்லே இல்ல. ஊசி மருந்து படிஞ்சது. ஊசிய நிப்பாட்டுனாக, தானாக் கரைஞ்சுபோச்சு. எந்தண்டு ஒண்ணும் பண்ணல. ஒங்கல்லு வேற, செலினு. கண்ணு மஞ்சளாக் கெடக்கு."

"அப்ப நாங்க இத்தன நாளாக் குடிச்சது?" என்றார் பின்னால் நின்ற சங்கரலிங்கம்.

"பொரியல் வைக்க வேண்டியதக் குடிச்சீக. வேறென்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். செலின் மட்டும் அழுதாள். "எனக்குக் கத்தின்னாலே பயம்டி."

"எனக்குந்தான். வா, நானும் வர்றேன்."

அரிவாளை அலி அக்பரிடம் கொடுத்துவிட்டு, தார் ஏற்ற நின்ற வேனிலேயே செலினை ஏற்றிக்கொண்டு தேனிக்குப் போனாள். கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்திருந்தது. நல்ல நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து செலின் கண் விழிக்கும்வரை அம்சத் பீவி ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு எழவில்லை.

"ஒங்க வீட்டு வைத்தியம் அம்புட்டுத்தானா பாய்?" என்று மண்டியில் ஒருவர் சீண்டினார்.

"வைத்தியம் கெடக்குய்யா. அத்தன பேரு நிக்கையில உள்ளதச் சொன்னா பாரு, அவ எம்பொஞ்சாதி" என்று அலி அக்பர் நெஞ்சை நிமிர்த்தினார்.

தோப்பு வாசலில் இப்போது கூட்டமில்லை. உடம்பு தேறிய செலின் ஒருநாள் வந்தாள்.

"இப்பவாச்சும் தண்டு குடுப்பியா?"

"எதுக்கு?"

"பொரியலுக்குத்தாண்டி!"

அம்சத் பீவி இருப்பதிலேயே இளம் தண்டாகப் பார்த்து வெட்டினாள்.