கேமராவைக் கண்டு ஓடிய பிள்ளைகள்

சர்க்கரை வந்த பிறகு, அரிசியைக் குறைத்துச் சாமை சாப்பிடச் சொல்லிவிட்டார் டாக்டர். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் இப்போது அதை அழகான பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். நேற்று கழுவும்போது ஈரச் சாமையின் வாசனை வந்தது பாருங்கள், அடுப்பில் உலை கொதிப்பதே மறந்துபோனது. என் பழைய கேமரா ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கல்வராயன் மலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே தீப்பெட்டியிலிருந்து பாய் வரை எல்லாமே நமுத்துப்போகும். லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிடக் கூடாதென்று கேமராவைத் துணியில் சுற்றிச் சாமை டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். ஒருமுறை மேலே வந்த என் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா, வெதச்சு வெச்சிருக்கியா? எப்ப மொளைக்கும்?" என்றார்.

கேமரா என்னவோ அவருடையதுதான். என் தம்பி சிங்கப்பூரிலிருந்து அவருக்கென்று வாங்கி வந்தது. தன் பைக்கை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார், அத்தோடு ஆசை தீர்ந்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குத்தான் கை துறுதுறுத்துக்கொண்டே இருந்தது.

நைனார்பாளையத்தில் படித்த காலத்தில் வகுப்பு மொத்தத்துக்கும் சயின்ஸ் ரெக்கார்டில் படம் போட்டுத் தந்தவள் நான். தவளை, இதயம், செம்பருத்திப் பூவின் நீள்வெட்டு, எதுவானாலும் என்னிடம்தான் வரும். கூலி உப்பு தடவிய நெல்லிக்காய். கல்யாணத்துக்குப் பிறகு நான் வரைந்ததெல்லாம், காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சுற்றி ஒரு வட்டம்.

அடையாள அட்டைக்குப் பிள்ளைகளின் போட்டோ வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொன்ன அன்றைக்குத்தான் பீரோ சாவி என் கைக்கு வந்தது. சுவரில் ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டேன். காலர் கிழியாத சட்டை ஒன்றே ஒன்றுதான் தேறியது. ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்ட, ஆணும் பெண்ணுமாக மொத்தப் பள்ளியும் அதே சட்டையில் விறைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது பார்த்தேன், மூன்றாம் வகுப்பு அலமேலு ஜன்னலோரம் திரும்பி நின்று, தண்ணீர் தொட்டு வாரிவிட்ட தலையைக் கலைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயிலில் அவள் காது மட்டும் சிவந்து தெரிந்தது. அதை எடுத்தேன். யாரும் கேட்காத படம், எதற்கும் உதவாத படம். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கள்ளக்குறிச்சி ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இன்னா டீச்சர் இது? ஒரு காதுதாங்க தெரியுது. ரெண்டும் தெரியலன்னா ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க."

"ஆபீஸுக்கு இல்லீங்க, எனக்கு" என்றேன். எனக்கென்று வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

பிறகு பித்துப் பிடித்த மாதிரிதான். பாறையில் காயும் சாமை, மூடுபனியில் பாதி தொலைந்த பஸ், கடுக்காய் பொறுக்கி வந்தவர்களின் கறை விரல்கள் என்று எடுத்துத் தள்ளினேன். எத்தனையோ நாள் சோறு அடிப்பிடித்திருக்கிறது.

பொங்கல் முடிந்தால் மலையில் பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும். மிளகு பறிக்கக் குடகுக்கும் கேரளாவுக்கும் போவார்கள், பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு. கிளம்புவதற்கு முந்தின வாரம் அம்மாக்கள் வருவார்கள். "எம் புள்ளைய ஒரு போட்டோ புடிச்சுக் குடுங்க டீச்சர், போற எடத்துல பாத்துக்கினு கெடப்பேன்." பெருமையாக எடுத்துத் தருவேன். மறு வருஷம் கேமராவோடு வராந்தாவுக்கு வந்தால் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். ஏனென்று எனக்கு விளங்கவே இல்லை.

அலமேலு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அம்மா கெஞ்சிப் பார்த்தாள். "ஒரே ஒரு போட்டோ, கண்ணு. எந்திரிச்சு வா."

"மாட்டேன். போட்டோ புடிச்சா நீ பூடுவ."

இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த சந்தோஷம், இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா கிளம்பப்போகிறாள் என்கிற சேதியாக இருந்திருக்கிறது. இனி இதைத் தொடுவதே இல்லை என்று நினைத்துக் கேமராவைப் பையில் போட்டேன். அலமேலு தலையைத் தூக்காமலே, "எங்கம்மாவப் புடிச்சு எங்கிட்ட குடுங்க டீச்சர்" என்றாள்.

படம் படமாக எடுத்துத் தள்ளிய எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. அவள் அம்மா வெட்கப்பட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளை எடுத்தேன். அந்த வாரம் வந்த அம்மாக்களை எல்லாம் எடுத்தேன். பிள்ளைகள் அந்தப் படங்களைச் சோற்றுப் பருக்கை தேய்த்து டிரங்குப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொண்டார்கள். முழுப் பரீட்சை வருவதற்குள் அலமேலுவின் பெட்டியில் அம்மாவின் கன்னம் வெளுத்துப்போயிருந்தது. தினமும் விரல் பட்டால் வெளுக்காமல் என்ன செய்யும்?

டிரங்குப் பெட்டிகள் போய்விட்டன. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. மலையிலும் டவர் வந்துவிட்டது, சாயங்காலமானால் அம்மாக்கள் வார்டன் போனில் முகம் காட்டி, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நல்லதுதான், மனதாரச் சொல்கிறேன். போன மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்று போனை வாங்கிய ஒரு குட்டிப் பெண், திரையில் அம்மா வந்ததும் ஆசையாகக் கன்னத்தைத் தொட்டாள். விரல் எங்கோ பட்டு, அம்மா மறைந்துவிட்டாள்.

"தொடாதன்னு எத்தினி தபா சொல்றது?" என்று பின்னால் நின்றவள் அதட்டினாள்.